45 சீசன் பயிற்சியாளர், மூன்று சீசனுக்கும் குறைவான தலைமை: டிக் லெபோவை வைத்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: அமெரிக்கன் ஃபுட்பாலில் சில பேர் ஆயுள் முழுக்க உதவிப் பயிற்சியாளராகவே இருந்து ஓய்வு பெறுகிறார்களே, அவர்கள் தலைமைப் பதவி கிடைக்காமல் தேங்கிப்போனவர்களா? ஏன் நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை அணி மாறிக்கொண்டே இருக்கிறார்கள்?

முதல் பாதிக்கு என் பதில், இல்லை. பெரும்பாலானவர்களுக்கு மேலே போகும் ஆசை இருக்கத்தான் செய்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த ஆட்டத்தில் உதவிப் பயிற்சி என்பதே ஒரு முழுத் தொழில். அதில் கைதேர்ந்த ஒருவர் தலைமைப் பதவிக்குப் போய், அங்கே சரிப்பட்டு வராமல், மறுபடி பழைய வேலைக்கே திரும்பி, முன்பைவிடப் பெரிதாகச் சாதிக்க முடியும். டிக் லெபோ அப்படிச் செய்தவர். இரண்டாம் பாதிக்குப் பதில் அவருடைய கதைக்குள்ளேயே இருக்கிறது. அதனால் அவரை வைத்தே சொல்கிறேன்.

அதற்கு முன் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். கிரிக்கெட்டில் பௌலிங் கோச் பந்து வீசுவதற்கு முன் வேலையை முடித்துவிடுகிறார். மைதானத்துக்குள் கேப்டன் ராஜ்ஜியம். இங்கே அப்படி இல்லை. ஒவ்வொரு ஆட்ட நகர்வும் முடிந்ததும் ஆட்டம் நிற்கும், அடுத்ததைத் தொடங்க 40 விநாடிக் கடிகாரம் ஓடும். அந்த இடைவெளியில், எதிரணி எந்த ஆட்களை அனுப்புகிறது, இன்னும் எத்தனை யார்டு வேண்டும், எவ்வளவு நேரம் பாக்கி என்று பார்த்து, தடுப்பு அணியின் 11 பேரும் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர் சொல்ல வேண்டும். அவர்தான் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர். பல அணிகளில் தலைமைப் பயிற்சியாளர் இதில் வாயே திறக்க மாட்டார். 2008 சீசன் வரை தடுப்பு அணிக்கு இதைக் கைச்சைகையில்தான் சொன்னார்கள். அந்த வருடத்திலிருந்து ஒரு ஆட்டக்காரரின் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வந்தது. ஹெல்மெட்டின் பின்பக்கம் பச்சைப் புள்ளி ஒட்டியிருக்குமே, அவர்தான். கடிகாரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது அந்த ரேடியோவும் துண்டிக்கப்படும். அதற்குள் சொல்லி முடித்தாக வேண்டும். ஒரு ஆட்டத்தில் இப்படி அறுபது எழுபது முறை. இதைச் செய்கிறவரை 'உதவி' என்று அழைப்பதே கொஞ்சம் வேடிக்கைதான்.

படிநிலையைப் பொறுத்தவரை, அடிமட்டத்தில் வீடியோவை வெட்டி ஒட்டி, எதிரணியின் பழக்கங்களைக் கணக்கெடுக்கும் இளைஞர்கள் இருப்பார்கள். பின்னாளில் பெயர்பெற்ற தலைமைப் பயிற்சியாளரான பில் பெலிசிக் 1975இல் பால்டிமோர் கோல்ட்ஸில் அப்படித்தான் ஆரம்பித்தார், வாரத்துக்கு 25 டாலருக்கு. அதற்கு மேலே ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கோச்: முன்வரிசையில் முட்டிமோதும் லைன்மேன்களுக்கு ஒருவர், அவர்களுக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்களுக்கு ஒருவர், பின்களத்துக்கு ஒருவர். அதற்கும் மேலே தாக்குதலுக்கும் தடுப்புக்கும் ஸ்பெஷல் டீம்ஸுக்கும் (பந்தை உதைக்கும் நகர்வுகளுக்கு இறங்கும் குழு) கோஆர்டினேட்டர்கள். எல்லோருக்கும் மேலே ஒரே ஒரு நாற்காலி. என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கில் மொத்தம் 32 அணிகள்தான் என்பதால் அந்த நாற்காலியும் 32தான்.

லெபோ 1937இல் ஒஹாயோ மாநிலத்தின் லண்டன் என்ற சிறிய ஊரில் பிறந்தவர். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் ஊடி ஹேயஸிடம் ஆடினார். 1959இல் கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்து, சீசன் தொடங்கும் முன்பே கழற்றிவிட்டது. டெட்ராய்ட் லயன்ஸ் எடுத்துக்கொண்டது. அங்கே 14 சீசன் கார்னர்பேக்காக ஆடி 62 முறை எதிரணியின் பந்தைப் பறித்தார். தொடர்ந்து 171 ஆட்டங்களில் அந்த இடத்தில் இறங்கினார். கார்னர்பேக் என்றால் எதிரணியின் வேகமான ஆட்டக்காரர்களின் பின்னாலேயே ஓட வேண்டிய இடம், கால் நரம்பு எப்போது இழுத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. அதில் 171 ஆட்டம் விடாமல் என்பது சாதாரணமில்லை. ஆனாலும் ஆட்டக்காரராக இருந்தவரை, லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் பக்கம் போகவில்லை.

1973இல் பிலடெல்பியா ஈகிள்ஸில் ஸ்பெஷல் டீம்ஸ் கோச்சாகச் சேர்ந்தார். தலைமைப் பயிற்சியாளர் மைக் மெக்கார்மாக். மூன்று சீசன் கழித்து மெக்கார்மாக் போனார், லெபோவும் போனார். அடுத்து கிரீன் பே பேக்கர்ஸில் பார்ட் ஸ்டாரிடம் நான்கு சீசன், பின்களக் கோச். 1980இல் சின்சினாட்டி பெங்கால்ஸ். 1984இல் அங்கே சாம் வைச் தலைமைக்கு வந்தபோது லெபோவுக்குக் கோஆர்டினேட்டர் பதவி கிடைத்தது. 1991 சீசன் முடிந்ததும் வைச் போக, லெபோவும் வெளியேறினார். ஏன் அணி மாறுகிறார்கள் என்று கேட்டீர்களே, இந்தத் தேதிகளே பதில். தலைமைப் பயிற்சியாளரை நீக்கினால் புதிதாக வருபவர் தன் ஆட்களோடுதான் வருவார். பழைய ஆள் நன்றாக வேலை செய்தாரா என்பது இரண்டாம்பட்சம். வழக்கமான சீசன் முடிந்த மறுநாளை அமெரிக்காவில் 'பிளாக் மண்டே' என்பார்கள். செய்தியில் வருவது நீக்கப்பட்ட தலைமைப் பயிற்சியாளரின் பெயர் மட்டும்தான். அவரோடு சேர்ந்து வீடு மாற்றி, பிள்ளைகளுக்கு வேறு பள்ளி தேடும் இருபது பேரின் பெயர் வராது.

விதிவிலக்குகள் உண்டு. மிக அழகானது சிகாகோவில் நடந்தது. 1981 சீசன் முடியும் தறுவாயில் சிகாகோ பேர்ஸின் தலைமைப் பயிற்சியாளருக்கு வேலை போகப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தடுப்பு அணி ஆட்டக்காரர்கள் உட்கார்ந்து, முதியவரான உரிமையாளர் ஜார்ஜ் ஹாலஸுக்கு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்: யாரை வேண்டுமானாலும் மாற்றுங்கள், எங்கள் கோச் பட்டி ரையனை மட்டும் விட்டுவிடுங்கள் என்று. ஹாலஸ் கேட்டுக்கொண்டார். புதிதாக வந்த மைக் டிட்காவுக்கு, தான் தேர்ந்தெடுக்காத ஒரு கோஆர்டினேட்டர் தலையில் கட்டப்பட்டார். இருவருக்கும் ஆகவே ஆகாது. ஆனால் 1985 சீசனின் சூப்பர் பௌலை வென்ற அன்று ஆட்டக்காரர்கள் டிட்காவைத் தோளில் தூக்கியதோடு நிற்காமல் ரையனையும் தூக்கினார்கள். சில நாட்களிலேயே ரையன் ஈகிள்ஸுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார்.

சரி, லெபோவுக்கு வருவோம். அவரைப் பற்றிப் பேசினால் ஜோன் பிளிட்ஸ் (zone blitz) என்ற தடுப்பு உத்தியைச் சொல்லாமல் நகர முடியாது.

1980களில் சான்பிரான்சிஸ்கோவின் பில் வால்ஷ் கொண்டுவந்த ஆட்டமுறை, தடுப்பு அணிகளைத் திணறடித்துக்கொண்டிருந்தது. குட்டையான, வேகமான பாஸ்கள். குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர், பந்தை வாங்கி இரண்டு மூன்று விநாடிக்குள் எறிந்துவிடுவார். தடுப்பு அணி கூடுதல் ஆளை அனுப்பி அவரை நெருக்கினால், அதைத்தான் பிளிட்ஸ் என்கிறோம், அந்த ஆள் விட்டுவிட்டு வந்த காலி இடத்துக்கே பந்து போய்விடும். நெருக்காமல் இருந்தால் நிதானமாகப் பார்த்து எறிவார். இரண்டு பக்கமும் அடி.

லெபோ ஒரு மூத்த பயிற்சியாளரைத் தேடிப் போனார். 1970களின் தொடக்கத்தில் மயாமி டால்பின்ஸின் தடுப்பைக் கட்டியெழுப்பிய பில் ஆர்ன்ஸ்பார்கர். நெருக்கவும் வேண்டும், பின்னால் ஓட்டை விழவும் கூடாது என்ற யோசனை அவரிடம் ஏற்கெனவே இருந்தது. லெபோ அதை எடுத்து விரித்தார். எப்படியென்றால், ஐந்து பேர் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்வார்கள், ஆனால் அவர் எதிர்பார்க்கும் ஐந்து பேர் அல்ல. ஒரு ஓரத்திலிருந்து லைன்பேக்கரும் பின்களத்துக்காரரும் வருவார்கள். மறு ஓரத்தில், எப்போதும் முன்னால் முட்டிக்கொண்டு வரும் 130 கிலோ லைன்மேன் சட்டென்று பின்வாங்கி நடுக்களத்தில் போய் நிற்பார். ஆறு பேர் பின்னால் பகுதி பிரித்துக் காவல் காப்பார்கள். குவார்ட்டர்பேக்கின் கண்ணுக்கு லைன்பேக்கர் பாய்வது தெரியும். பழக்கப்படி அவர் விட்டுவந்த இடத்துக்கு எறிவார். அங்கே ஒரு மலை நின்றுகொண்டிருக்கும். பந்து நேராக அதன் கையில். குவார்ட்டர்பேக் எத்தனை நன்றாகப் பயிற்சி பெற்றவரோ அத்தனை எளிதாக மாட்டுவார், ஏனென்றால் பொறி வைத்திருப்பதே அவருடைய நல்ல பழக்கத்துக்குத்தான்.

இதில் ஒரு கிளைக்கதை இருக்கிறது, உங்கள் கேள்விக்கும் சம்பந்தப்பட்டது. வால்ஷின் அந்த ஆட்டமுறை பிறந்தது சான்பிரான்சிஸ்கோவில் அல்ல, இதே சின்சினாட்டியில். 1968 முதல் 1975 வரை வால்ஷ் பெங்கால்ஸில் உதவிப் பயிற்சியாளர். பலமான கை இல்லாத ஒரு குவார்ட்டர்பேக்கை வைத்துச் சமாளிக்க வேண்டிய கட்டாயத்தில் அதை உருவாக்கினார். நிறுவனரும் தலைமைப் பயிற்சியாளருமான பால் பிரவுன் ஓய்வு பெற்றபோது நாற்காலி தனக்குத்தான் என்று வால்ஷ் நினைத்திருந்தார். பிரவுன் அதை இன்னொரு உதவிப் பயிற்சியாளரான பில் ஜான்சனுக்குக் கொடுத்தார். வால்ஷ் மனம் வெந்து வெளியேறினார். பிற்பாடு சான்பிரான்சிஸ்கோவோடு வந்து பெங்கால்ஸை இரண்டு சூப்பர் பௌல்களில் தோற்கடித்தார். இரண்டிலும் தோற்ற பக்கம் நின்ற பயிற்சியாளர்களில் லெபோவும் ஒருவர்.

இரண்டாவது இன்னும் கொடுமை. 1989 ஜனவரி, மயாமி. இப்போது லெபோ கோஆர்டினேட்டர். மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் பாக்கி, பெங்கால்ஸ் 16-13 என்று முன்னிலை. சான்பிரான்சிஸ்கோ தன் கோல் கோட்டிலிருந்து வெறும் 8 யார்டில் தொடங்குகிறது, முழு மைதானத்தையும் கடக்க வேண்டும். அதன் குவார்ட்டர்பேக் ஜோ மான்டானா 92 யார்டையும் கடந்தார். 34 விநாடி மிச்சமிருக்க ஜான் டெய்லருக்குக் கடைசி பாஸ். 20-16. ஒரு கோஆர்டினேட்டரின் மொத்த வருடமும் இப்படி ஒரே ஓட்டத்தில் கரைந்துபோகும். மறுநாள் பேச்செல்லாம் மான்டானாவைப் பற்றித்தான், அதுவும் நியாயம்தான்.

1992இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ். புதிய தலைமைப் பயிற்சியாளர் பில் கவர். கோஆர்டினேட்டராக டாம் கேப்பர்ஸ், அவருக்குக் கீழே பின்களக் கோச்சாக லெபோ. எட்டு வருடம் கோஆர்டினேட்டராக இருந்தவர் ஒரு படி இறங்கிச் சேர்ந்தார் என்பதைக் கவனியுங்கள். இந்தத் தொழிலில் அது அவமானம் இல்லை, வேலை கிடைப்பதுதான் முக்கியம். 1995இல் கேப்பர்ஸ் புதிதாகத் தொடங்கிய கரோலைனா பேந்தர்ஸுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போக, லெபோ மேலே வந்தார். அந்த வருடமே சூப்பர் பௌல், டாலஸிடம் தோல்வி.

1997இல் பழைய சின்சினாட்டிக்கே கோஆர்டினேட்டராகத் திரும்பினார். 2000 சீசனில் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றதும் தலைமைப் பயிற்சியாளர் புரூஸ் காஸ்லெட் ராஜினாமா செய்தார். 63 வயதில் லெபோவின் கையில் முதன்முறையாக அந்த நாற்காலி. முடிவு: 12 வெற்றி, 33 தோல்வி. 2002இல் 16 ஆட்டத்தில் இரண்டே வெற்றி. வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஏன் சரிவரவில்லை? அப்போதைய பெங்கால்ஸ் யார் கையிலும் உருப்பட்டிருக்காது என்பது ஒரு காரணம். ஆனால் அதை மட்டும் சொன்னால் அரைப் பதில். தலைமைப் பயிற்சியாளரின் வேலை வேறு வேலை. உரிமையாளரோடு பேச வேண்டும், ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது வாதாட வேண்டும், பத்திரிகையாளர்களைத் தினமும் பார்க்க வேண்டும், காயம்பட்டவரை ஆட விடலாமா என்று முடிவெடுக்க வேண்டும், தாக்குதல் அணி சொதப்பினால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். பாய்கிற ஐந்து பேரையும் பின்னால் நிற்கிற ஆறு பேரையும் கலைத்துப் போட்டு அடுக்குவதில் ஒருவருக்குள்ள திறமை இதில் எதற்கும் உதவாது. இரண்டிலும் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், பெலிசிக் போல. இல்லாதவர்கள்தான் அதிகம்.

65 வயது, கடைசியாகச் செய்த வேலையில் படுதோல்வி. வேறு துறையாக இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். லெபோ பஃபலோவில் ஒரு வருடம் உதவித் தலைமைப் பயிற்சியாளர் பதவியில் இருந்தார். 2004இல் கவர் மறுபடி கூப்பிட்டார். அப்புறம் நடந்ததுதான் அவருடைய தொழில் வாழ்க்கையின் உச்சம்: ஸ்டீலர்ஸில் 11 சீசன், மூன்று சூப்பர் பௌல், இரண்டில் வெற்றி.

2006 சீசனோடு கவர் விலகினார். அடுத்து வந்த மைக் டாம்லினுக்கு 34 வயது, அவரும் தடுப்புப் பக்கத்து ஆள், அதுவும் முற்றிலும் வேறு பாணியில் வளர்ந்தவர். வழக்கப்படி லெபோவை மாற்றியிருக்க வேண்டும். டாம்லின் மாற்றவில்லை. தன் பாணியை ஒதுக்கிவைத்து, தன்னைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வயதானவரிடம் தடுப்பை அப்படியே விட்டார். டாம்லினின் நல்ல முடிவுகளில் இதை நான் முதலிடத்தில் வைப்பேன். 2008இல் அந்தத் தடுப்பு அணிதான் லீக்கிலேயே மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்தது.

அந்த சீசனின் சூப்பர் பௌல், 2009 பிப்ரவரி 1, டாம்பா. வீடியோ கிடைத்தால் இரண்டாம் கால்பகுதியின் கடைசி 18 விநாடியைப் பாருங்கள். ஸ்டீலர்ஸ் 10-7 முன்னிலை. அரிசோனா, ஸ்டீலர்ஸின் கோல் கோட்டுக்கு ஒரு யார்டு தூரத்தில் நிற்கிறது. லெபோ பிளிட்ஸ் சொல்லியிருக்கிறார். 92ஆம் எண், ஜேம்ஸ் ஹாரிசன், பாய்ந்தாக வேண்டும். அவர் ஒரு எட்டு முன்னால் வைப்பதுபோல் பாவனை காட்டுவார், அப்புறம் உள்பக்கமாகப் பின்வாங்குவார். குவார்ட்டர்பேக் கர்ட் வார்னர் பிளிட்ஸ் வருகிறது என்று நம்பி, பழக்கப்படி வேகமாக உள்பக்கம் எறிவார். பந்து கோட்டிலேயே ஹாரிசன் கையில். அங்கிருந்து மைதானத்தின் மறுமுனைவரை 100 யார்டு ஓட்டம், ஓடி முடிக்கும்போது கடிகாரம் பூஜ்யம். முடிந்ததும் ஆக்சிஜன் முகமூடி வைக்க வேண்டியிருந்தது. இறுதியில் 27-23.

ஹாரிசன் செய்தது கோச் சொன்னதற்கு மாறானது. ஆனால் அது யாருடைய யோசனை என்று பாருங்கள்: பாய வேண்டியவன் பின்வாங்கி, குவார்ட்டர்பேக்கின் பழக்கம் பந்தை எங்கே அனுப்புமோ அங்கே போய் நிற்பது. லெபோ கால் நூற்றாண்டாகச் சொல்லிக்கொடுத்தது அதுதான். அன்றைக்கு எதிரணியின் தலைமைப் பயிற்சியாளர் கென் விசன்ஹண்ட், சில வருடம் முன்புவரை இதே ஸ்டீலர்ஸில் லெபோவோடு வேலை பார்த்தவர். இரண்டு வருடம் கழித்து ஸ்டீலர்ஸ் மறுபடி சூப்பர் பௌலுக்குப் போய் கிரீன் பேயிடம் 31-25 என்று தோற்றபோது, எதிரணியின் தடுப்பை நடத்தியவர் டாம் கேப்பர்ஸ். அவரும் இரண்டு அணிகளுக்குத் தலைமை தாங்கிப் பார்த்துவிட்டு, கோஆர்டினேட்டர் வேலைக்கே திரும்பியவர். ஊர் சின்னது, சுற்றிச் சுற்றி அதே முகங்கள்தான்.

ஆட்டக்காரர்கள் லெபோவை 'கோச் டாட்' என்று கூப்பிட்டார்கள். கத்த மாட்டார், திட்ட மாட்டார். கிறிஸ்துமஸ் சமயத்தில் அணியைக் கூட்டி, சிறுவர்களுக்கான ஒரு கிறிஸ்துமஸ் கவிதையை மனப்பாடமாகச் சொல்வது அவருடைய வழக்கம். அந்த முரட்டு ஆட்கள் கைகட்டி உட்கார்ந்து கேட்பார்கள். 2010இல் இந்த ஆட்டத்தின் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது. ஆனால் எந்தக் கணக்கில்? பழைய ஆட்டக்காரர் என்ற கணக்கில். பல பேரின் ஆட்டத்தையே மாற்றிய பயிற்சி வேலைக்கு அங்கே தனிக் கதவு இல்லை. தலைமைப் பயிற்சியாளர்கள் நுழையலாம், ஆட்டக்காரர்கள் நுழையலாம், முழுநேர உதவிப் பயிற்சியாளருக்கு மட்டும் அந்த இடம் கிடைப்பதில்லை. 2022இல் உதவிப் பயிற்சியாளர்களுக்கும் சேர்த்து ஒரு விருதை ஏற்படுத்தினார்கள், அது ஹால் ஆஃப் ஃபேமில் வைக்கும் வெண்கலச் சிலைக்கு ஈடாகாது. இந்த ஆட்டத்தை நடத்துகிறவர்கள் மீது எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான்.

மாறாமல் ஒரே இடத்தில் இருந்தவர்களும் உண்டு. நியூ இங்லண்ட் பேட்ரியட்ஸின் டான்டே ஸ்கார்னெக்கியா 1982இல் சேர்ந்தார், நடுவில் இரண்டு வருடம் இண்டியானாபொலிஸ் போனதைத் தவிர அங்கேயே இருந்தார், தலைமைப் பயிற்சியாளர்கள்தான் வந்து வந்து போனார்கள். 2013 சீசனோடு ஓய்வு பெற்றார். இரண்டே சீசனில் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியைக் காக்க வேண்டிய லைன் ஆட்டம் கண்டது, டென்வரில் நடந்த அரையிறுதியில் பிரேடி அடிமேல் அடி வாங்கினார். 2016இல் ஸ்கார்னெக்கியாவைத் திரும்ப அழைத்தார்கள். அந்த சீசனே சூப்பர் பௌல் வெற்றி. கோஆர்டினேட்டர்கூட ஆகாத ஒருவரின் மதிப்பை அளக்க இதைவிடத் தெளிவான சோதனை கிடைக்காது.

லெபோ 2015இல் டென்னசி டைட்டன்ஸுக்குப் போனார், கூப்பிட்டவர் அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்த அதே விசன்ஹண்ட். சீசன் பாதியில் விசன்ஹண்டை நீக்கினார்கள். அடுத்தவர் லெபோவை வைத்துக்கொண்டார். 2017 சீசனில் டைட்டன்ஸ் பிளேஆஃபில் (வழக்கமான சீசனுக்குப் பிந்தைய நாக்-அவுட் சுற்று) ஒரு ஆட்டம் ஜெயித்தும் அந்தத் தலைமைப் பயிற்சியாளரும் போக, புதியவர் தன் ஆட்களோடு வந்தார். லெபோவுக்கு அப்போது 80 வயது. 1959இலிருந்து எண்ணினால் லீக்கில் இடைவெளியில்லாமல் 59 சீசன்.

இனிமேல் ஒரு உதவிப் பயிற்சியாளரின் பெயருக்குக் கீழே ஏழெட்டு அணிகளைப் பார்த்தால், பக்கத்தில் அந்தந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர் விலகிய வருடங்களையும் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு வரிசையும் ஒன்றாகவே இருக்கும். ஒத்துப்போகாத இடங்களை மட்டும் தோண்டிப் பாருங்கள். தலைமை மாறியும் இவர் தங்கினார் என்றால், யாரோ ஒருவர் இவரை விடக்கூடாது என்று பிடிவாதமாக நின்றிருக்கிறார். தலைமை மாறாமலே இவர் போனார் என்றால், ஒன்று பதவி உயர்வு, இல்லாவிட்டால் சண்டை.